அறை அளவு சேரவில்லை, பெர்ஸ்பெக்டிவ் சுரங்கம் மாதிரி போகிறது: முதல் செமஸ்டர் ஷீட்டில் எங்கே தப்பு?

கோடும்_கோணமும்

இன்டீரியர் டிசைன் முதல் வருடம். விடுதி அறையை அளந்து 1:20-ல் (நிஜத்தில் 20 மி.மீ., தாளில் 1 மி.மீ.) பிளான், நாலு எலிவேஷன் (சுவரை நேராகப் பார்க்கும் படம்), ஒரு ஒன்-பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ் (ஆழக்கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரும் படம்) கொடுக்கணும். அறை 3000 அகலம், 3600 நீளம், 3000 உயரம் (எல்லாம் மி.மீ.). துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒரு நீளச்சுவர் 3600, எதிர்ச்சுவர் 3570 வருகிறது. பிளான் மூடவே மாட்டேன் என்கிறது. பெர்ஸ்பெக்டிவில் முன்வரிசை டைல்ஸ் கீழே பிடித்து இழுத்த மாதிரி நீளுது, பின்சுவர் எங்கேயோ தூரத்தில் நிற்குது. வேனிஷிங் பாயின்ட் (அந்தக் கோடுகள் சேரும் புள்ளி) நடுவில்தான், கண்மட்டம் (பார்ப்பவர் கண் உயரம்) 1500. அடுத்த செமஸ்டர் இல்லஸ்ட்ரேஷன் எலெக்டிவ் எடுக்கலாமா என்று வேறு யோசனை. கை இப்படி இருந்தால் அங்கேயும் உதைக்குமா?

தூக்குக்குண்டு

முதலில் தப்பு டேப்பிலா சுவரிலா என்று பிரிச்சுப் பாருங்க. மூலையில் பூஜ்யத்தை வைத்து, டேப்பை எடுக்காமலே கதவு ஓரம் 450, கதவு முடிவு 1350, அலமாரி 2800, கடைசி மூலை 3600 என்று ஓட்டமாகப் படிக்கணும். எட்டுத் துண்டாக அளந்து, துண்டுக்கு 4 மி.மீ. விட்டாலே 32 போச்சு. உங்க 30 அங்கேயே கிடக்கலாம். டேப் நுனிக் கொக்கி லேசாக ஆடும். அது பழுது இல்லை. வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டினாலும் கொக்கியின் தடிமன் கணக்கில் வராமல் இருக்கத்தான் அந்த ஆட்டம், தட்டி இறுக்கிடாதீங்க. மூலையில் டேப்பை வளைத்து உத்தேசமாகப் படிப்பதுதான் பெரிய திருடன். டேப் பெட்டியின் முதுகைச் சுவரில் முட்டவைத்து, பெட்டி மேலே போட்டிருக்கும் நீளத்தைக் கூட்டிக்குங்க. ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில் ஓடும் பட்டை) மேல் வைத்து அளந்தால் அதன் துருத்தல் இரண்டு பக்கமும் குறையும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பூச்சுக்குப் பூச்சு அளங்க.

அப்புறமும் வித்தியாசம் இருந்தால் சுவரே கோணல். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் பிடிங்க. 3000 × 3600 நேர்செவ்வகம் என்றால் இரண்டும் 4686 வரணும். வராவிட்டால் செட் ஸ்கொயரை நம்பாதீங்க. ஒரு சுவரைக் கோடாகப் போட்டு, ஒரு முனையிலிருந்து பக்கச்சுவர் நீளத்துக்கும் மறுமுனையிலிருந்து மூலைவிட்டத்துக்கும் வில் போட்டால், இரண்டும் வெட்டுகிற இடம்தான் மூலை. 1:20-ல் மூலைவிட்டம் 234 மி.மீ., சாதாரண காம்பஸ் எட்டாது. கெட்டி அட்டைப் பட்டையில் 234 இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் ஊசி, ஒன்றில் பென்சில். நூல் வேண்டாம், இழுபடும்.

டிஸ்டன்ஸ்_பாயின்ட்

சுரங்கத்துக்குக் காரணம் வேனிஷிங் பாயின்ட் இல்லை. டிஸ்டன்ஸ் பாயின்டை (பார்ப்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைக் கண்மட்டக் கோட்டில் குறிக்கும் புள்ளி) தாளுக்குள் அடங்கட்டும் என்று கிட்டே இழுத்து வைத்திருப்பீங்க. படத்தின் எந்த மூலையும் பார்வைக்கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு வெளியே போகக்கூடாது. உங்க முன்சட்டம் (படத்தில் அறையின் முன்பக்கச் சதுரம்) 1:20-ல் 150 × 150. நடுவிலிருந்து மூலை 106 மி.மீ.; அதை 0.577-ஆல் (30 டிகிரியின் tan) வகுத்தால் 184. ஆகவே கண்மட்டக் கோட்டில் வேனிஷிங் பாயின்டுக்கு இடப்பக்கம் 185-ல் வைங்க.

சட்டத்தின் இடது கீழ்மூலையிலிருந்து அடிக்கோட்டில் வலப்பக்கமாக 30, 60, 90 என்று 180 வரை குறியுங்க (600 டைல் ஆறு வரிசை). 180 சட்டத்தைத் தாண்டி 30 வெளியே போகும், போகட்டும். ஒவ்வொரு குறியையும் டிஸ்டன்ஸ் பாயின்டோடு சேர்த்தால், இடது மூலையிலிருந்து வேனிஷிங் பாயின்டுக்குப் போகும் கோட்டை வெட்டும் இடமே அந்த வரிசையின் ஆழம். எல்லாம் A3-ஐப் படுக்கவைத்தால் அடங்கும்.

சரிபார்க்க ஒரே அளவு போதும்: பின்சுவர் 76 மி.மீ. அகலம் வரணும். முன்வரிசை டைல் 30 அகலம், சுமார் 10 உயரம். டிஸ்டன்ஸ் பாயின்டை 75-ல் வைத்துப் பாருங்க, அதே டைல் 21 உயரமாகும், பின்சுவர் 44-ஆகச் சுருங்கும். நீங்க சொன்ன சுரங்கம் அதுதான்.

கோடும்_கோணமும்

பின்சுவர் 76 வந்துவிட்டது, நன்றி! மூலைவிட்டம் 4686-ம் 4668-ம், சுவர்தான் கோணல். இப்போ மை போடும்போது செட் ஸ்கொயர் அடியில் ஊறுகிறது.

மைக்கூடு

செட் ஸ்கொயர் தாளோடு ஒட்டிக் கிடந்தால் மையை உள்ளே உறிஞ்சும். அடிப்பக்கம் ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் மூன்று அடுக்கு ஒட்டித் தூக்கிவிடுங்க. பேனா முனை, வெட்டுப்பட்ட சுவருக்கு 0.5 மி.மீ., தட்டுமுட்டு 0.3, டைல்ஸ் 0.1. எல்லாவற்றையும் 0.3-ல் போடுவதால்தான் பாதி ஷீட் தட்டையாகக் கிடக்குது.

இல்லஸ்ட்ரேஷனுக்குக் கை உதைக்காது. உதைக்கிறது எதை விடணும் என்று தெரியாததுதான். இங்கே டைல் ஆறு வரிசையும் வேணும், அங்கே இரண்டு வரிசை போட்டு மற்றதை வெள்ளையாக விட்டால்தான் ஆள் மேல் பார்வை போகும். இதே ஷீட்டில் ஆட்களை நிறுத்திப் பழகுங்க. கண்மட்டம் 1500 என்றால், அந்த உயரத்தில் கண் உள்ளவர் கிட்டே நின்றாலும் பின்சுவரோரம் நின்றாலும் கண் அதே கோட்டில்தான். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் சுமார் 1200, அதாவது அந்த இடத்தில் தரைக்கும் கண்மட்டத்துக்கும் நடுவே ஐந்தில் நாலு பங்கு. ஸ்கேன் பண்ணும்போது கோட்டோவியம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). வண்ணம் போட்ட A4 என்றால் 300-ல் 2480 × 3508 பிக்சல், அச்சுக்குப் போனால் நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து.