வறண்ட வாயில் வேர்ச்சொத்தை: எந்த அடைப்பு நிலைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற என் அம்மாவுக்கு உமிழ்நீர் மிகவும் குறைந்துவிட்டது. அதன் பிறகு ஈறோரமாக, பல்லின் வேரில் வரிசையாகச் சொத்தை. பல் நிறத்தில் அடைத்த காம்போசிட் ஒன்றரை ஆண்டுகூடத் தாங்கவில்லை. அடைப்பு அப்படியே இருக்க, விளிம்பைச் சுற்றி மீண்டும் அரித்துவிட்டது.

இப்போது மருத்துவர் கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு அடைப்புப் பொருளைப் பரிந்துரைக்கிறார். அது பல்லோடு வேதிப்பிணைப்பால் ஒட்டும், ஃப்ளோரைடை வெளிவிடும், பற்பசையிலிருந்து ஃப்ளோரைடை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்குவது பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அளவில், வேரோ 6-க்கு மேலேயே, அதாவது குறைந்த அமிலத்திலேயே, கரையத் தொடங்கிவிடும். ஆகவே அந்த ஃப்ளோரைடு அம்மாவுக்கு அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனால் வறண்ட வாயில் அந்த அடைப்பே அரித்துத் தேயும் என்றும் படித்தேன். அடைப்பு தேய்ந்தாலும் பல் பிழைத்தால் போதும் எனக்கு.

ரெசின் (பிசின்) கலந்த கிளாஸ் அயனோமர், கால்சியமும் பாஸ்பேட்டும் வெளிவிடும் புதிய வகைகள் ஆகியவற்றை இப்படிப்பட்ட வாயில் பயன்படுத்திய பல் மருத்துவர்களோ, அடைத்துக்கொண்டவர்களோ இங்கே இருந்தால், அவை எத்தனை காலம் நின்றன என்று தயவுசெய்து சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த 5000 பிபிஎம் ஃப்ளோரைடு பற்பசையை அம்மா தவறாமல் பயன்படுத்துகிறார். அடுத்த வாரம் நான்கு பற்களை அடைக்க வேண்டும்.