கேள்விக்குறியாகிப் போன தமிழ்: பெரியப்பாவின் வலைப்பூவை இடம் மாற்றியபோது

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2006-லிருந்து வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளில் எழுதுகிறார், திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்கள், கோயில்கள், ஊர்ப்பெயர்கள் என்று முந்நூறுக்கு மேல் இடுகைகள். பழைய சர்வரை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று உட்கார்ந்தேன், மூன்று வாரம் ஆனது.

இடுகைகள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸை டம்ப் (முழுப் பிரதி) எடுத்து, புது சர்வரில் ஏற்றி, கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் பெயர், கடவுச்சொல் எல்லாம் மாற்றித் தளத்தைத் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, பக்கம் முழுக்க இதேதான். சரி, ஒரு தலைப்பை மட்டும் திருத்திப் பார்ப்போம் என்று டேட்டாபேஸைத் திருத்தும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் ‘தமிழ்’ என்று தட்டிச் சேமித்தேன். ஐந்து கேள்விக்குறி வந்தது. “மூணு எழுத்துக்கு எதுக்குடா அஞ்சு?” என்றார் பெரியப்பா. கணினிகளின் பொது எழுத்துமுறையான யூனிகோடில் ‘மி’யின் கொக்கியும் ‘ழ்’ மேலுள்ள புள்ளியும் தனித்தனிக் குறிகள், அதனால்தான்.

இந்த இரண்டும் ஒரே கோளாறு இல்லை என்பது புரியத்தான் எனக்கு இரண்டு வாரம் போனது. வேர்ட்பிரஸின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல், 2018-ல் அதன் 8.0 பதிப்பு வரும்வரை, நாமாக எதுவும் சொல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 அட்டவணைதான் போடும். பழைய வேர்ட்பிரஸ் அதற்குள்ளேயே, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் இருந்த தமிழைத் திணித்து, திணித்தபடியே திருப்பி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. புது கான்ஃபிக் கோப்பு யூடிஎஃப்-8 என்று கேட்டதும் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக நினைத்து மாற்றிக் கொடுத்துவிட்டது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதனால் மூன்று மூன்று கிறுக்கல். கிறுக்கலாகத் தெரிந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. கேள்விக்குறி வந்தால் போனது போனதுதான், பழைய பிரதியிலிருந்து எடுத்தால்தான் உண்டு. ஆகவே கிறுக்கலைப் பார்த்ததும் எதையும் திருத்திச் சேமிக்காதீர்கள், பழைய சர்வரையும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்த வழி இது. பழைய சர்வரில் டம்ப் எடுக்கும்போது எழுத்துத் தொகுதி லத்தீன்1 என்றே சொன்னேன், அப்போது எந்த மாற்றமும் நடக்காமல் பைட்டுகள் அப்படியே வெளியே வரும். பிறகு அந்தக் கோப்பில் லத்தீன்1 என்று இருந்த இடங்களையெல்லாம் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆக்கி, ஏற்றும்போதும் அதையே சொன்னேன். முதல் பக்கத்தில் ‘தாமிரபரணி’ என்று தெளிவாக வந்ததும் பெரியப்பா எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னொன்று, இடுகையின் இணைய முகவரி. வேர்ட்பிரஸ் அதை 200 எழுத்தோடு வெட்டிவிடும். ஒரு தமிழ்க் குறி அங்கே விழுக்காட்டுக் குறி, ஆங்கில எழுத்து, எண் என்று ஒன்பது எழுத்தாக விரிகிறது, ஆக 22 குறிதான் கொள்ளும். ‘தாமிரபரணிக் கரையோரக் கோயில்கள்’ என்ற தலைப்பு ‘கோய’ என்பதோடு நின்றுவிட்டது. முகவரியை நீங்களே சுருக்கமாகக் கொடுத்துவிடுங்கள்.

*

இந்த இடுகைக்கு ஒரு வாசகரின் பின்னூட்டம்: அண்ணா, எங்கள் ஊர் நூலகத்துக்கு நான் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி போட்டேன். அது தலைப்பை பைனரியாகவே, அதாவது வெறும் பைட்டுகளாகவே வைத்துக்கொள்வதால் இந்த எழுத்துச் சிக்கல் எனக்கு வரவில்லை. வந்தது வேறு தொல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருந்தேன், பத்து நாளில் சூதாட்டமும் மாத்திரை விளம்பரமுமாக நிரம்பிவிட்டது. லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் பெயர் பதியாதவர்கள் திருத்துவதை நிறுத்தினேன், புதிதாகப் பதிகிறவர்களுக்கு தானியங்கி விளம்பரங்களைத் தடுக்கும் கன்ஃபர்ம்எடிட் நீட்சியில் ஒரு கேள்வி வைத்தேன்: திருக்குறளில் எத்தனை அதிகாரம்? இங்கே பள்ளிப் பிள்ளைகள் 133 என்று தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். வைத்த நாளிலிருந்து ஒரு விளம்பரம்கூட வரவில்லை.