மறு: [கலைச்சொல்] புரோபயாடிக், பிரிபயாடிக், போஸ்ட்பயாடிக்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

குடல்நலத் துண்டறிக்கையை மொழிபெயர்க்கும் அம்மையார் இச்சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்ட கேள்விக்கு வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். பாதிப்பேர் 'உயிர்ச்சார்பி' கட்சி, மீதிப்பேர் 'அப்படியே ஒலிபெயர்த்துவிடுங்கள்' கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன், மடல் நீளும், பொறுத்தருள்க.

> நான்கு பக்க அறிக்கையில் ஒரே பத்தியில் புரோபயாடிக், பிரிபயாடிக், சின்பயாடிக், போஸ்ட்பயாடிக் என்று நான்கும் வருகின்றன. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் எனக்கே எது எது என்று தெரியவில்லை.

ஒலிபெயர்ப்புக் கட்சிக்கு இந்த ஒரு வரியே போதுமான மறுமொழி. 'தயிர் சாப்பிடுங்கள்' என்பதும் 'வாழைக்காய் சாப்பிடுங்கள்' என்பதும் இரண்டு வேறு அறிவுரைகள். முதலாவதில், புரோபயாடிக்கில் போலவே, உயிருள்ள நுண்ணுயிர் வயிற்றுக்குள் போகிறது. இரண்டாவதில், பிரிபயாடிக்கில் போல, ஏற்கெனவே குடலில் குடியிருக்கும் நுண்ணுயிருக்கு உணவு போகிறது. புரோ, பிரி என்று எழுதினால் இந்த வேறுபாடு முழுவதும் இரண்டே எழுத்தில் தொங்கும். காது மந்தமான பெரியவர் ஒருவரிடம் மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லும்போது அந்த இரண்டு எழுத்தும் போய்விடும்.

> வேரைப் பிரித்து மொழிபெயர்ப்பதே முறை. 'புரோ' என்றால் சார்பு, 'பயோ' என்றால் உயிர். ஆகவே உயிர்ச்சார்பி. அதே முறையில் முன்னுயிரி, பின்னுயிரி.

ஐயா, உங்கள் முறையை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சொற்களின் வேரில் பிடிமானம் இல்லை. 1953-இல் ஜெர்மானியரான வெர்னர் கோலத் 'புரோபயாட்டிகா' என்றபோது அவர் மனத்தில் இருந்தது வேறு. 1965-இல் லில்லியும் ஸ்டில்வெல்லும் அதே சொல்லை எடுத்து, ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளுக்கு வைத்தார்கள். ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ச்சொல் வேண்டும் என்பதுதான் அப்போதைய தேவை. உயிருள்ள நுண்ணுயிர் என்ற பொருளை 1989-இல் ஃபுல்லர் வலியுறுத்தினார். இன்று எல்லோரும் எடுத்தாளும் வரையறையை 2001-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு தந்தது: போதிய அளவில் கொடுக்கும்போது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள். சொல் பிறந்த ஊரிலேயே பொருள் இத்தனை முறை இடம்மாறியிருக்க, நாம் அதன் எலும்பை எண்ணி என்ன பயன்?

'முன்னுயிரி'யில் இன்னொரு கோளாறும் உண்டு. பூமியில் உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதியியலுக்கும் பிரிபயாடிக் என்ற அடைதான் வழங்குகிறது. 'முன்னுயிர் வேதியியல்' என்பது அங்கே பொருத்தமாக உட்காரும். அதை அங்கேயே விட்டுவிடுவோம். குடலுக்கு வரும் பிரிபயாடிக் என்ற சொல்லை 1995-இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் உருவாக்கினார்கள். 'உயிருக்கு முன்' என்ற எண்ணமே அதில் கிடையாது.

> எளிமையாக 'நல்ல பற்றீரியா' என்றே எழுதலாமே?

யாழ்ப்பாணத்து நண்பரே, எழுதலாம், ஒரு தடை இல்லாவிட்டால். புரோபயாடிக்காகக் கொடுக்கும் சாக்கரோமைசிஸ் பௌலார்டி பாக்டீரியா அன்று, ஈஸ்ட். 1920-களில் ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் பொட்டலமாக இன்றும் விற்கிறார்கள். அறிக்கையைப் படிப்பவர் கையில் அந்தப் பொட்டலமே இருக்கக்கூடும்.

சரி, 'நல்ல' என்ற அடை? அதற்கும் ஒரு மறுப்பு தனிமடலில் வந்தது: நுண்ணுயிரில் நல்லது கெட்டது என்று பிரிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது என்று. இனத்தைப் பார்த்தால் அது சரிதான். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் பெயரைக் கேட்டாலே அஞ்சுகிறோம். ஆனால் முதல் உலகப் போரில் சுற்றிலும் வயிற்றுக்கடுப்பு பரவியபோது அது தாக்காமல் தப்பிய ஒரு சிப்பாயிடமிருந்து 1917-இல் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த ஈ. கோலை வகை இன்றுவரை புரோபயாடிக்காகப் பயன்படுகிறது. நன்மை இனத்தில் இல்லை, குறிப்பிட்ட வகையில் இருக்கிறது. வரையறையே 'நன்மை செய்யும்' என்று சொல்லும்போது அந்த நன்மையைச் சொல்லில் வைப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. 'கிருமி' மட்டும் வேண்டாம். சோப்பு விளம்பரங்கள் அந்தச் சொல்லை மீட்கமுடியாதபடி செய்துவிட்டன.

> தயிருக்கு ஊற்றும் உறைதானே நம் மண்ணின் புரோபயாடிக்? 'உறையுயிரி' என்று வைப்போம். சங்கச் சான்றும் உண்டு.

இந்த மடல்தான் என்னை எழுதவைத்தது. கோவை நண்பர் சொல்லும் சான்று புறநானூறு 276. ஆய்மகள் தன் நகத்தால் தெறித்த சிறு துளி உறை ஒரு குடம் பாலையும் மாற்றிவிடுவதுபோல, ஒற்றை வீரன் பகைப்படை முழுமைக்கும் நோயாகிவிட்டான் என்கிறது பாட்டு. 'குடப்பால் சில்லுறை' என்பது அங்கே வரும் தொடர். சிறிதளவு ஊற்றினால் தானே பெருகி முழுவதையும் மாற்றும் என்ற நுண்ணுயிரியல் உண்மையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. உறை ஊற்றுதல், பிரை ஊற்றுதல், தோய்த்தல் என்று ஊருக்கு ஒரு வழக்கு இருக்கிறது, மூன்றும் வாழ்கின்றன.

இருந்தும் புரோபயாடிக்குக்கு 'உறையுயிரி' வேண்டாம் என்கிறேன். 'உறை' என்றதும் பலருக்கு உறைந்த பனியும் தலையணை உறையும் நினைவுக்கு வரும் என்பது சிறிய காரணம், பழகினால் போய்விடும். பெரிய காரணம், உறைதல் என்றால் தங்கி வாழ்தல். உறைவிடம் என்கிறோம். வாயால் உட்கொள்ளும் இந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை குடலில் தங்குவதில்லை. வழிப்போக்கர்களாக வந்து, வேலையைச் செய்துவிட்டு, சில நாட்களில் வெளியேறிவிடுகின்றன. உட்கொள்வதை நிறுத்தினால் சுவடும் குறைந்துவிடும். 'உறையுயிரி' என்று பெயர் வைத்தால், ஒரு பொட்டலம் வாங்கிக் குடித்தால் ஆயுளுக்கும் குடியேறிவிடும் என்று விற்பவர்களுக்கு நாமே முழக்கம் எழுதிக் கொடுத்ததாகும்.

உறையை அதற்கு உரிய இடத்தில் வைப்போம். தயிர், பாலாடைக்கட்டி, கெஃபிர் (புளிக்கவைத்த பால் பானம்), கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) எல்லாவற்றிலும் முதலில் சேர்க்கும் நுண்ணுயிர்த் தொகுப்புக்கு 'தொடக்கக் கல்ச்சர்', 'தொடக்க வளர்மம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். உறை என்று ஓரசைச் சொல் இருக்கும்போது இது தேவையற்ற சிரமம். கெஃபிர் உறை, கொம்புச்சா உறை. முடிந்தது.

இனி, இழையில் யாரும் தொடாத ஒன்று. அறிக்கை 'ஃபெர்மென்டட் உணவு' (புளிக்கவைத்த உணவு) என்பதையும் புரோபயாடிக்கையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறது. மூலத்திலேயே உள்ள குழப்பம் இது, அதை நாம் தமிழுக்கு இறக்குமதி செய்யக்கூடாது. இரண்டும் வேறு. இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். லியூகோனோஸ்டாக் மெசன்டெராய்ட்ஸ் முதலான பாக்டீரியாக்கள் இரவெல்லாம் மாவை உப்பவைத்துப் புளிக்கவைக்கின்றன. தாதுக்களைப் பிணைத்துவைக்கும் பைட்டேட் குறைகிறது, இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாகிறது. பிறகு கொப்பரையில் ஏற்றி அவிக்கிறோம். தட்டுக்கு வரும்போது அந்த நுண்ணுயிர்கள் உயிருடன் இல்லை. இட்லி நல்ல உணவு, ஆனால் புரோபயாடிக் அன்று. நாளிதழ் இணைப்புகளில் 'நம் பாட்டியின் புரோபயாடிக் இட்லி' என்று படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய சோறு இன்னும் சுவையான வழக்கு. ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிமானத்துக்குத் தப்பும் வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடல் வரை போய் அங்குள்ளவற்றுக்கு உணவாகிறது. நீராகாரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உயிருடன் இருக்கின்றன. இரண்டு பலனும் ஒரே கிண்ணத்தில். ஆனாலும் கறாராகப் பார்த்தால், எந்த வகை, எவ்வளவு, என்ன பயன் என்று சோதித்து நிறுவாதவரை அதைப் புரோபயாடிக் என்று அழைக்க வரையறை இடம் தராது. 'உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட புளிக்கவைத்த உணவு' என்றுதான் சொல்லலாம். (அறிக்கையில் ஒரு வரி சேருங்கள் அம்மா: நீர் ஊற்றாமல் வெறுஞ்சோற்றை வெயில் காலத்தில் வெளியே வைக்கவேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.)

'நொதித்தல்' பாடநூல் சொல், வேதிமாற்றத்துக்கு அது இருக்கட்டும். உணவுக்குப் 'புளிக்கவைத்த' என்பதே என் தேர்வு. இவ்வகை உணவுக்கு வல்லுநர் தந்த வரையறையில் 'விரும்பிய நுண்ணுயிர் வளர்ச்சி' என்று ஒரு தொடர் வரும். நாம் அதை வினையிலேயே வைத்திருக்கிறோம்: புளிக்கவைத்தது நாம் விரும்பிச் செய்தது, புளித்துப்போனது கெட்டது. சோயா மொச்சையில் செய்யும் ஜப்பானிய நாட்டோ புளிக்காதே என்று கேட்பீர்கள். உண்மை, அது காரத்தன்மை உடையது. அதற்காகக் கிம்ச்சி (கொரியர்களின் புளிக்கவைத்த காய்கறி), மோர், தோசைமாவு எல்லாவற்றையும் நொதித்த உணவு என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். நாட்டோ ஒன்றுக்கு அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு நோயாளிக்கு எதற்கு என்று மருத்துவ நண்பர் கேட்டிருந்தார். 2021-இல் 'செல்' இதழில் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வை அவரே அறிவார். நலமாக உள்ள 36 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரங்களுக்கு ஒரு பிரிவுக்கு நார்ச்சத்தையும் மறுபிரிவுக்கு யோகர்ட், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா போன்றவற்றையும் கூட்டினார்கள். இரண்டாம் பிரிவில் குடல் நுண்ணுயிர்களின் பன்மை கூடியது. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ப் பிரிவில் பன்மை அப்படிக் கூடவில்லை. சிறிய ஆய்வு, சோதித்தது உணவை, பொட்டலத்தை அன்று. மறுபக்கம் 2020-இல் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம், பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயாடிக் மருந்தைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஒன்றின் புகழில் மற்றது விலைபோகும்.

என் முன்மொழிவு:

புரோபயாடிக்: நல்லுயிரி.
பிரிபயாடிக்: உயிரித்தீனி.
போஸ்ட்பயாடிக்: அவியுயிரி.
சின்பயாடிக் (முதல் இரண்டும் சேர்ந்தது): நல்லுயிரித் தீனிக்கூட்டு. இது எனக்கே நிறைவாக இல்லை.

'தீனி' தாழ்ந்த சொல் என்று சிலர் முகம் திருப்பலாம். 'ஊட்டம்' எடுத்தால் 'நுண்ணூட்டம்' என்று இரும்பு, துத்தநாகத்தோடு போய் முட்டும். தீனியில் யார் தின்கிறார்கள் என்பது தெளிவு: நாம் அல்ல, அவை. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது; குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிருக்காகத் தாய் சுரப்பது போலிருக்கிறது. அதுதான் உயிரித்தீனி. வெங்காயம், பூண்டு, வாழைக்காய், பருப்பு வகைகளில் இருப்பதும் அதுவே. மேலும் 'தீனி' என்றால் அளவு மிஞ்சக்கூடாது என்ற எச்சரிக்கை தமிழ்க் காதுக்குத் தானே கேட்கும். எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர் வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே நாளில் கூட்டினால் வாயுவால் துடித்துப்போவார். நாரைப் படிப்படியாகக் கூட்டவேண்டும், தண்ணீரும் கூடவேண்டும்.

'அவியுயிரி'யை விளக்கவேண்டும். போஸ்ட்பயாடிக் என்பது உயிர் நீங்கிய நுண்ணுயிர்களோ அவற்றின் கூறுகளோ கொண்டு நன்மை செய்யும் தயாரிப்பு. 2021-இல் வல்லுநர் குழு அப்படி வரையறுத்தது. அவிதல் என்றால் வேகுதல், அவிதல் என்றால் அணைந்துபோதல். சூட்டால் மடிந்ததற்கும் வேறு வழியில் மடிந்ததற்கும் பொருந்தும். வேள்வியில் இடும் 'அவி' குறுக்கே வரும் என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். மருத்துவத் துண்டறிக்கையில் வேள்வி நினைவுக்கு வருபவர் எத்தனை பேர்? ஆனால் இட்லியை உடனே அவியுயிரி ஆக்கிவிடாதீர்கள். அதற்கும் நன்மையை நிறுவிக் காட்டவேண்டும்.

அம்மையாரின் பத்தியை இச்சொற்களால் எழுதிப் பார்த்தேன்:

"தயிர், மோர், நீராகாரம் போன்று சூடாக்காமல் உண்ணும் புளிக்கவைத்த உணவுகளில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ளன. மருத்துவர் எழுதித்தரும் நல்லுயிரி மருந்து வேறு. அதன் வகையும் அளவும் நோய்க்கு ஏற்ப மாறும். வாழைக்காய், பருப்பு, சிறுதானியம் ஆகியவற்றில் உயிரித்தீனி உண்டு. இவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஊறுகாயைப் புளிக்கவைத்த உணவாக எண்ணிக் கூட்டவேண்டாம். நாளுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்கள் நல்லுயிரி மருந்து எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்."

கடைசி வரியை நீக்கவேண்டாம். உயிருள்ள ஒன்றைக் கொடுக்கிறோம் என்பதால்தான் அந்த எச்சரிக்கை.

அச்சுக்குப் போகுமுன் இந்தப் பத்தியை உங்கள் காத்திருப்பு அறையில் இரண்டொருவரிடம் படித்துக் காட்டி, 'மருந்து எது, தீனி எது' என்று கேட்டுப் பாருங்கள் அம்மா. பதில் மாறி வந்தால் எழுதுங்கள், சொல்லை மாற்றுவோம். சின்பயாடிக்குக்கு ஐந்து எழுத்துக்குள் யாரிடமாவது ஒரு சொல் இருந்தால் இழையில் இடுங்கள். 'தீனிக்கூட்டு' என்றதும் என் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியன்,
மதுரை