புகையான் விழுந்த வயலில் தூரை விலக்கிப் பார்த்தபோது

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

கார்த்திகை மழை ஓய்ந்து கதிரில் பால் பிடிக்கும் தருணத்தில், எங்கள் பி.பி.டி. 5204 ரக நெல்வயலின் நடுவே பாய் விரித்த அளவுக்கு ஒரு வட்டம் தீய்ந்திருந்தது. தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிட்டது என்று எண்ணி இறங்கிய நான், தூரை விலக்கிப் பார்த்தபோதுதான், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டே தெரியாதபடி புகையான் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் அப்பியிருப்பதைக் கண்டேன். தட்டியதும் பாதி தண்ணீரில் உதிர்ந்து, அங்கிருந்தே அடுத்த தூருக்குத் தாவின. அவை கழித்த தேன்துளியால் தண்டு பிசுபிசுத்தது; அதன்மேல் கரும்பூசணம் படரத் தொடங்கியிருந்தது. ஒரு வாரத்தில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அரை ஏக்கர் போயிற்று.

இதில் என் பங்கு பெரிது. பயிர் வெளிறுகிறது என்று யூரியாவைக் கூடுதலாக இட்டேன். தழைச்சத்து மிகுந்தால் சாற்றில் அமினோ அமிலம் கூடுகிறது, அதை உறிஞ்சும் பூச்சி கூடுதலாக முட்டையிடுகிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு, இலைச்சுருட்டுப்புழுவுக்கென்று கடையில் கொடுத்த பைரித்ராய்டு மருந்தைத் தெளித்திருந்தேன். புழு குறைந்தது உண்மைதான். ஆனால் தூருக்குத் தூர் ஓடிக்கொண்டிருந்த சிலந்திகளும், புகையானின் முட்டையைக் குத்திக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் அதோடு போய்விட்டன.

பயிர் தன் பங்குக்குச் சும்மா இருப்பதில்லை என்பதைப் பிறகு படித்துத்தான் அறிந்தேன். புகையான் ஊசி போன்ற வாயைச் சாற்றுக்குழாய்க்குள் செலுத்தியதும், நெற்பயிர் அந்தக் குழாயின் சல்லடைத் துளைகளைக் காலோஸ் என்னும் மாவுப்பொருள் போன்ற ஒன்றால் அடைக்கிறது. தாங்காத ரகத்தில் அந்த அடைப்பு கரைந்து சாறு மீண்டும் ஓடுகிறது. எதிர்ப்புள்ள ரகத்தில் அடைப்பு நிலைத்துவிடுவதால், பூச்சி வாயை வைத்துக்கொண்டே பட்டினி கிடக்கிறது. தேன்துளி எவ்வளவு விழுகிறது என்பதை வைத்தே ரகத்தின் எதிர்ப்பை ஆய்வாளர்கள் அளப்பது இதனால்தான். நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 இத்தகைய எதிர்ப்பு மரபணு ஒன்றை உலகுக்குத் தந்த ரகம் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் ஒரே மரபணுவை நம்பினால் நிலைக்காது: 1973-இல் வந்த ஐ.ஆர். 26 நெல் ரகத்தை, பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சில ஆண்டுகளிலேயே புகையான் பழகிக்கொண்டு தின்றது. பல மரபணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டாம்பி 33 ரகம் அவ்வளவு எளிதில் மசியவில்லை.

அடுத்த பருவத்தில் எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நட்டேன். யூரியாவைப் பிரித்து இட்டு, தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சினேன். தூருக்கு ஒரு சிலந்தி தென்பட்டால், சிம்புக்கு, அதாவது தூரிலுள்ள ஒரு தண்டுக்கு, இரண்டு புகையான் வரை மருந்தில் கை வைப்பதில்லை. சிலந்தி இல்லையென்றால் ஒன்றே எல்லை.

பெரம்பலூரிலிருந்து ஒருவர்:

ஐயா சொன்ன கதை பருத்தியில் வேறு விதமாக நடக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் நீண்ட முடி அடர்ந்த ரகத்தில், தத்துப்பூச்சி நரம்புக்குள் முட்டை வைக்கத் திணறுகிறது. பக்கத்து வயலின் வழுவழுப்பான ரகம் ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கிச் சுருண்டு சிவந்தபோது, என் வயல் பச்சையாகவே நின்றது. அந்த மகிழ்ச்சி பனி தொடங்கும்வரைதான். அதே முடியை வெள்ளை ஈ விரும்புகிறது போலும். இலையைத் திருப்பினால் மாவு தூவியது போல் பறந்தது, கீழடுக்கு இலைகள் தேன்துளியால் மினுமினுத்தன. ஒரு பூச்சிக்குப் போட்ட வேலி இன்னொன்றுக்குப் பந்தலாயிற்று. இந்த ஆண்டு இரு ரகங்களையும் அருகருகே விதைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பி எண்ணி வருகிறேன், தை மாதம் கணக்கோடு எழுதுகிறேன்.