மாலா ஓடியது, செல்வி நின்றது

பைதானிலிருந்து எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியை ஓட்ட ஒரு ராப்பர் (அதை அழைத்து இயக்கும் சின்ன புரோகிராம்) எழுதினேன், அந்த அனுபவம் இது. பெங்களூரு அல்சூரில் கல்யாண வீடியோ எடுக்கும் தமிழ் அண்ணன் ஒருவருக்காக. என்னிடம் லினக்ஸ், அவர் கடையில் விண்டோஸ்.

முதல் சிக்கல் என் மெஷினிலேயே. சின்ன வீடியோக்கள் ஓடின, இரண்டு மணி நேர முகூர்த்த வீடியோ மட்டும் பாதியில் நின்றது, எரரும் இல்லை. புரோகிராம் சிஸ்டத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால், எஃப்எஃப்எம்பெக் ஒரு ரைட் (எழுதும்) அழைப்பில் அப்படியே தொங்குகிறது. எஃப்எஃப்எம்பெக் தன் லாக்கை எஸ்டிடிஎர்ர் என்ற எரர் வெளியீட்டு வழியில்தான் எழுதும். நான் அதைப் பைப்பில் (ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்) பிடித்துவிட்டுப் படிக்காமலே, அது முடியட்டும் என்று வெயிட் போட்டிருந்தேன். லினக்ஸில் பைப் வழக்கமாக 64 கேபிதான் கொள்ளும், நிரம்பியதும் அது எனக்காக நிற்க, நான் அதற்காக நிற்க, இரண்டும் நகரவில்லை. படிப்பதற்கு, கூடவே ஓடும் தனி த்ரெட் ஒன்று வைத்தேன், தீர்ந்தது.

அப்புறம் கடைக்குப் போனேன். அங்கே நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. 'மாலா' என்ற ஃபைல் ஓடுகிறது, லாக்கில் பெயர் மட்டும் கிறுக்கலாகத் தெரிகிறது. 'செல்வி' என்றால் என் புரோகிராமே யூனிகோட் டீகோட் எரரில் விழுகிறது, 0x8d என்ற பைட்டைப் படிக்க முடியவில்லையாம். இரண்டும் தமிழ்ப் பெயர்தானே என்று அண்ணன் கேட்டார், எனக்கும் அதே கேள்வி. பைட் பைட்டாக எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் புள்ளி E0 AF 8D. டெக்ஸ்ட் மோடில் பைதான் அங்கே எடுத்துக்கொண்டது சிபி1252 என்ற விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணை, அதில் 8D என்ற இடமே காலி. உகரக் குறியின் கடைசி பைட்டான 81-ம் அப்படித்தான், ஆக 'முரளி'யும் விழும். மாலாவில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, தப்பித்தது. இப்போது பைட்டாகவே வாங்கி நானே யூடிஎஃப்-8 என்று சொல்லிப் பிரிக்கிறேன். தமிழில் பெயர் வைப்பவர்கள் நம் கருவிகளை நம்பி வைக்க வேண்டும், அதனால் எந்த டெஸ்டிலும் புள்ளி வைத்த பெயர் ஒன்றைச் சேருங்கள், தயவுசெய்து.

நிறுத்துவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. லினக்ஸில் பைதானின் டெர்மினேட் என்றால் சிக்டெர்ம், அதாவது 'முடித்துக்கொள்' என்ற சைகை, எஃப்எஃப்எம்பெக் ஃபைலை ஒழுங்காக முடித்துவிட்டு வெளியேறும். விண்டோஸில் அது அந்த நொடியே கொன்றுவிடும், பாதி எம்பி4 திறக்கவே திறக்காது. அதனால் எஸ்டிடிஇன் என்ற உள்ளீட்டு வழியாக 'க்யூ' எழுத்தை அனுப்பி நிறுத்துகிறேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது.