விசில் ஊதாம அடிச்சது கோலா? (சேத்ரி ஃப்ரீ கிக், ஆயிரத்தோராவது முறை)

ஓரக்கோடு:
"கேரளா பிளாஸ்டர்ஸ் அன்னைக்கு மைதானத்தை விட்டு வெளியேறினது இந்தியக் கால்பந்தோட தன்மானத் தருணம்"னு மஞ்சக்கொடி நேத்து ராத்திரி எழுதியிருக்கார். படிச்சதுல இருந்து தூக்கம் போச்சு.

மறந்தவங்களுக்காகச் சொல்றேன். 2023 மார்ச் 3, பெங்களூரு கன்டீரவா. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பிளே ஆஃப் நாக் அவுட், நாலாவது இடத்துல இருந்த பெங்களூருக்கும் அஞ்சாவது இடத்துல இருந்த பிளாஸ்டர்ஸுக்கும் ஒரே ஆட்டம். தொண்ணூறு நிமிஷம் 0-0. எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல பெங்களூரோட சேத்ரி ஒரு ஃப்ரீ கிக்கைச் சட்டுனு தூக்கிப் போட்டார். பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் இன்னும் சுவர் (பந்தை மறிக்க வரிசையா நிக்கிற ஆட்கள்) அடுக்கிக்கிட்டு இருந்தார். பந்து உள்ள. ரெஃப்ரி கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் கூப்பிட்டார், பதினோரு பேரும் கிளம்பிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. 1-0ன்னு பெங்களூருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.

இதுல தன்மானம் எங்க இருந்து வந்துச்சு? இருபது நிமிஷத்துக்கு மேல ஆட்டம் பாக்கி இருந்துச்சே!

மஞ்சக்கொடி:
வந்துட்டார் பெரியவர். ஒரே கேள்வி. விசில் ஊதினாங்களா இல்லையா? ஊதல. அப்புறம் எதுக்கு இத்தனை பாரா?

ஓரக்கோடு:
ஃப்ரீ கிக்குக்கு விசில் எப்பவும் வேணும்னு எந்த விதியில இருக்கு? பதினோரு வருஷம் துணை ரெஃப்ரியா கொடி பிடிச்சு ஓடினவன் நான். நடுமைதானத்துல ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ஃப்ரீ கிக் போகுது, ஒவ்வொண்ணுக்குமா ஊதுறாங்க? அட்டை, காயம், ஆள் மாத்துற நேரம் இதெல்லாம் போக, எதிரணி தள்ளி நிக்கணும், தூரம் அளந்து குடுங்கன்னு அடிக்கிறவன் கேட்டா மட்டும்தான் ரெஃப்ரி நிறுத்தி, தள்ளி விட்டு, அப்புறம் ஊதுவார். கேக்கலன்னா பந்து நின்ன நொடியில அடிக்கலாம்.

சேத்ரி கேக்கல. சுவரும் வேணாம் விசிலும் வேணாம்னு ரெஃப்ரிகிட்ட சொன்னதா அவரே பேட்டியில சொல்லியிருக்கார். அது பக்கத்துல நின்ன பிளாஸ்டர்ஸ் வீரர் லூனா காதுலயும் விழுந்துச்சாம்.

மஞ்சக்கொடி:
சேத்ரி சொன்னாராம்! கோல் அடிச்சவனையே சாட்சிக்கும் கூப்பிடுறீங்களா?

கன்டீரவா கேலரி:
முதல் தடவை அடிக்கப் போனப்போ குறுக்க வந்து நின்னது யாரு? லூனா. விரைவா அடிக்க விடாம வேணும்னே தடுத்தா மஞ்சள் அட்டை. அதைக் குடுக்காம விட்டதுக்கு நாங்கதான் வெளிநடப்பு பண்ணியிருக்கணும் 😂

மஞ்சக்கொடி:
ஆங், இதைத்தான் எதிர்பார்த்தேன். லூனாவைத் தள்ளிப் போன்னு ரெஃப்ரி சொன்னார்ல? சொன்ன உடனே அது தூரம் அளக்கிற ஃப்ரீ கிக் ஆயிடுச்சு. அதுக்கு மேல விசில் கட்டாயம். இது எங்க ஃபேன்ஸ் எழுதின விதியா, உங்க புத்தகத்துல இருக்கிறதா?

நான் வீடியோவை வெச்சு எண்ணினேன். ஃபவுல் ஆனதுல இருந்து கிட்டத்தட்ட அரை நிமிஷம். அரை நிமிஷம் கழிச்சு அடிச்சா அதுக்குப் பேர் விரைவா? எங்க தாத்தா அதைவிட விரைவா சட்டை பட்டன் போடுவார்.

ஓரக்கோடு:
ஃப்ரீ கிக் பத்தின விதி 13-ஐ எடுத்துப் படிங்க. எத்தனை நொடிக்குள்ள அடிச்சா விரைவுன்னு ஒரு எண் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. அதுவரைக்கும் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம்னு கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு அழாதீங்க.

பந்துக்கு முன்னாடி மறிச்சு நிக்கிறவனை நகருன்னு சொல்றது வேற, 9.15 மீட்டர் அளந்து சுவரை நிறுத்துறது வேற. இந்த வித்தியாசம் தெரியாதவங்கதான் இதே இடத்துல ஒரு காலத்துல த்ரோ இன்ல ஆஃப்சைட் உண்டுன்னு நாலு பக்கம் சண்டை போட்டாங்க. பேர் சொல்ல விரும்பல.

மஞ்சக்கொடி:
பேர் சொல்லுங்க, என்ன இப்போ? அன்னைக்கே திருத்திக்கிட்டேன். நீங்க போன உலகக் கோப்பைக்குக் கணிப்பு எழுதிட்டு, மொதல் வாரமே அந்தப் பதிவை அழிச்சதை நான் ஞாபகப்படுத்தினேனா?

ஓரக்கோடு:
அழிக்கல. அது தானா போச்சு.

மெரினா அரீனா:
தானா போச்சாம் 😂😂 பாப்கார்னோட உக்காந்துட்டேன், நடத்துங்க.

சும்மா பார்வையாளர்:
ஒரு சந்தேகம். தூரம் கேட்ட ஃப்ரீ கிக், கேக்காத ஃப்ரீ கிக், இந்த ரெண்டுக்கும் கோடு எங்கன்னு முதல்ல பேசி முடிச்சுட்டா மிச்சம் தானா தீராதா? யார் கேட்டா அது மாறும், ரெஃப்ரி தானா முடிவு பண்ணலாமா, ஒரு தடவை மாறினா திரும்ப விரைவு ஆகுமா?

கன்டீரவா கேலரி:
இதுல பேச என்ன இருக்கு. பந்து உள்ள போச்சு.

மஞ்சக்கொடி:
விசில் வரல.

ஓரக்கோடு:
வேணாம்.

மெரினா அரீனா:
சும்மா பார்வையாளர் அண்ணே, புதுசா நீங்க? இங்க கேள்விக்குப் பதில் கிடைக்காது. வேணும்னா ஐ.எஸ்.எல். கோப்பையைக் காட்டுறேன், எங்க சென்னையின் அணிகிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு 2015-ல கோவாவுல தூக்கினது. இன்னொண்ணு இதே கன்டீரவாவுல, 2018 மார்ச் 17. சேத்ரி ஒன்பதாவது நிமிஷம் தலையால முட்டி கோல் போட்டார், ஊரே ஆடுச்சு. அப்புறம் எங்க மெயில்சன் ஆல்வ்ஸ் ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2. அன்னைக்கு யாரும் விசிலைப் பத்திப் பேசல.

கன்டீரவா கேலரி:
கோப்பைக் கதையா? நாங்களும் 2019-ல வாங்கினவங்கதான். இந்த அரட்டையில வாங்காத ஆள் ஒருத்தர்தான் இருக்கார், சட்டை மஞ்சள்.

மஞ்சக்கொடி:
2014, 2016, 2022. மூணு ஃபைனல், மூணும் தோல்வி, அதுல ரெண்டு பெனால்டியில. நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? காயத்துல உப்பு வெச்சா வலிக்கும்னு நினைச்சீங்க. அந்த இடம் மரத்துப் போய் வருஷமாச்சு.

ஆனா ஒண்ணு. அப்படி மூணு தடவை தோத்த கூட்டம் அமைதியா மெடல் வாங்கிட்டு வீட்டுக்குப் போச்சு. தோல்விக்கு பயந்து ஓடுற டீம் இல்ல இது. அன்னைக்கு ஒரு நாள் வெளிய வந்தாங்கன்னா, அநியாயம் அந்த அளவுக்கு இருந்திருக்கணும்னு ஏன் யாருக்கும் தோணல?

ஓரக்கோடு:
இப்போதான் பேச்சு சுவாரசியமா வருது. அநியாயம்னே வெச்சுக்குவோம். ரெஃப்ரி தப்பே பண்ணினார்னு வெச்சுக்குவோம். (பண்ணல.) அதுக்கு மருந்து வெளிநடப்பா?

2007 பிப்ரவரி, சாம்பியன்ஸ் லீக், லில் அணிக்கு எதிரா மான்செஸ்டர் யுனைடெட். கடைசிப் பத்து நிமிஷத்துக்குள்ள யுனைடெட்டோட ரயன் கிக்ஸ் இதே மாதிரி சட்டுனு ஒரு ஃப்ரீ கிக் போட்டு கோல். லில் ஆட்கள் சுவர் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கொதிச்சுப் போய் மைதானத்தை விட்டுக் கிளம்பினாங்க, ஓரக்கோடு வரைக்கும் வந்தாங்க. அப்புறம்? திரும்பிப் போய் ஆடினாங்க. 1-0 தோத்தாங்க. தோத்துட்டுப் புகார் குடுத்தாங்க. அதுதான் முறை.

அதுக்கும் முன்னாடி 2004 டிசம்பர், செல்சிக்கு எதிரா ஆர்சனலோட ஆன்றி. சுவர் வேணுமா, இல்ல அடிக்கிறியான்னு ரெஃப்ரி கேட்டார், அடிக்கிறேன்னார், அடிச்சார். செல்சி கோல்கீப்பர் செக் கம்பத்துக்கிட்ட நின்னு சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தார். யாராவது பஸ் ஏறினாங்களா?

மஞ்சக்கொடி:
ஆன்றி விஷயத்துல ரெஃப்ரி கேட்டு, அவர் பதில் சொல்லி, எல்லாம் தெளிவா நடந்துச்சு. இங்க லூனா நகர்ந்து முதுகைத் திருப்பின அப்புறம் அடிச்சார். முதுகுல குத்துறதுக்கு கோல்னு பேர் வெச்சுட்டீங்க.

ஓரக்கோடு:
எதிரணி முதுகைத் திருப்புற நேரத்துல அடிக்கத்தானே அந்த உரிமையே இருக்கு! ஃபவுல் பண்ணினவன் சுவர் கட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா, ஃபவுல் பண்ணினவனுக்குத்தானே லாபம்? 2019-ல லிவர்பூல் பையன் பார்சிலோனாவைத் தூங்க விட்டு கார்னர் அடிச்சானே, ஊரே கொண்டாடிச்சே. அங்க புத்திசாலித்தனம், இங்க முதுகுக் குத்தா?

மஞ்சக்கொடி:
கார்னருக்கு விசில் தேவையில்ல. ஃப்ரீ கிக் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். கொடி பிடிச்ச பதினோரு வருஷத்துல அதைச் சொல்லித் தரலையா?

ஓரக்கோடு:
எந்த ஃப்ரீ கிக்குக்குத் தேவைன்னு மேல எழுதிட்டேன். திரும்ப எழுத மாட்டேன். சரி, திரும்ப எழுதுறேன்: தூரம் கேட்டாத்தான்.

மஞ்சக்கொடி:
லூனாவை நகர்த்தினார்ல.

ஓரக்கோடு:
நகர்த்தினது தூரம் இல்ல.

மஞ்சக்கொடி:
பின்ன என்ன, அகலமா?

பழைய ஐ லீக்:
தண்டனையைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல. வெளிய போனதுக்கு கிளப்புக்கு 4 கோடி அபராதம். பொது மன்னிப்பு கேக்கலன்னா 6 கோடி. கோச்சுக்குப் பத்து ஆட்டம் தடை, 5 லட்சம் அபராதம். சம்பளமே நேரத்துக்கு வராத கிளப்புகள் இருக்கிற நாட்டுல 4 கோடியாம்.

2012 டிசம்பர்ல மோகன் பகான் என்ன பண்ணினாங்க? ஐ லீக்ல கொல்கத்தா எதிரி ஈஸ்ட் பெங்கால்கூட டெர்பி, பாதி ஆட்டம் முடிஞ்சு ரெண்டாவது பாதிக்கு வரவே இல்ல. ரெண்டு வருஷம் தடைன்னு முழங்கினாங்க. கொஞ்ச நாள்ல தடையை எடுத்துட்டு 2 கோடி அபராதம், அதுவரை எடுத்த பாயின்ட் எல்லாம் காலின்னு முடிச்சாங்க. பெரிய வீட்டுக்கு ஒரு தராசு.

கன்டீரவா கேலரி:
அன்னைக்கு மோகன் பகான் வீரர் ரஹீம் நபி தலையில கல்லு விழுந்துச்சு சார். ரத்தம் வந்துச்சு. அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க.

பழைய ஐ லீக்:
கல்லு விழுந்தது நிஜம். அவங்க ஆள் ஒடாஃபாவுக்கு ரெட் கார்டு விழுந்ததும் நிஜம். எதுக்காக வரலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டிரஸ்ஸிங் ரூம்ல இருந்தீங்களா?

கன்டீரவா கேலரி:
நீங்க இருந்தீங்களா?

மெரினா அரீனா:
நான் இருந்தேன்.

பழைய ஐ லீக்:
எல்லாத்துக்கும் மூலம், கடைசி இடம் வந்தாலும் கீழ் லீக்குக்கு இறங்குற பயம் இல்லாத லீக். 2023-ல இருந்து அடுத்த தட்டுல இருக்கிற ஐ லீக் சாம்பியன் மேல வரலாம்னு ஆச்சு. பஞ்சாப் வந்தாங்க, அடுத்த வருஷம் முகமதன் வந்தாங்க. வந்த முதல் சீசன்லயே முகமதன் கடைசி இடம். இறங்கினாங்களா? ஏணியில ஏற மட்டும்தான் படி இருந்துச்சு. அந்த மாதிரி லீக்ல கோச் ஆட்டத்தைத் தூக்கி எறிஞ்சா ஆச்சரியமா?

மஞ்சக்கொடி:
அது நாக் அவுட் ஆட்டம். இறங்குறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்கு எந்தத் திரியா இருந்தாலும் இறங்குற கதைதான்.

தமிழ்க்கால்:
"ஃப்ரீ கிக்" அல்ல, தனியுதை. "விசில்" அல்ல, ஊதல். "ரெஃப்ரி" அல்ல, நடுவர். இவ்வளவு நேரம் விவாதிப்பவர்கள் இதையும் கவனிக்கலாம்.

மஞ்சக்கொடி:
சரிங்க ஐயா. ஊதல் ஊதினாரா, ஊதலையா?

ஓரக்கோடு:
தனியுதைக்கு ஊதல் தேவையில்ல. இப்போ சரியா?

ஒண்ணு மட்டும் சொல்றேன், யாரும் இதுவரை தொடாத இடம். ஏப்ரல் மாசம் கிளப்பே பகிரங்கமா மன்னிப்பு கேட்டுச்சு. கோச்சும் கேட்டார். இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனோட மேல்முறையீட்டுக் குழுவும் அபராதத்தைக் குறைக்கல. மன்னிப்பு கேட்ட விஷயம் எப்படிய்யா தன்மானத் தருணம் ஆகும்? தன்மானம்னா 6 கோடியைக் கட்டிட்டு நெஞ்சை நிமித்தி நின்னிருக்கணும்!

மஞ்சக்கொடி:
2 கோடி மிச்சம் ஆகுதுன்னா நீங்க கேக்க மாட்டீங்களா? வெளிய வந்ததுக்குத்தான் மன்னிப்பு கேட்டாங்க. கோலை ஒத்துக்கிட்டு ஒரு வரி எழுதியிருந்தா காட்டுங்க.

உங்களுக்குப் புரியாத இன்னொண்ணு சொல்றேன். வீடியோ பார்த்து முடிவு சொல்ற ஏற்பாடு அந்த லீக்ல கிடையாது. ஒவ்வொரு சீசனும் இதே கூத்து, இதே மழுப்பல். எழுதிக் குடுத்த புகாரெல்லாம் கிணத்துல போட்ட கல்லு. ஒரு நாள் ஒரு மனுஷன் போதும்டான்னு எந்திரிச்சார். அதுக்கப்புறம்தான் ரெஃப்ரி தரத்தைப் பத்தி நாடே பேசுச்சு. அதுக்கு 4 கோடி ஆனா ஆகட்டும்.

ஓரக்கோடு:
வீடியோ ரெஃப்ரி இருந்திருந்தாலும் அது கோல்தான். ஏன்னா விசில்

ஓரக்கோடு:
(கை பட்டு பாதியில போயிடுச்சு) ஏன்னா விசில் தேவையில்ல.

கோச் எந்திரிச்சார் சரி. களத்துல இருந்த பதினோரு பேரைக் கேட்டாரா? இருபது நிமிஷத்துல ஒரு கோல் போட முடியாத டீமா அது? லூனா ஒருத்தர் போதுமே. எனக்கு அந்தக் கோல் மேலகூட வருத்தம் இல்ல. ஆடியிருந்தா சமன் பண்ணியிருப்பீங்களோன்னு இன்னைக்கும் தோணுது, அதுதான் வருத்தம். அந்த இருபது நிமிஷத்தைத் திருடினது சேத்ரி இல்ல.

மஞ்சக்கொடி:
அப்பப்போ மனுஷன் மாதிரியும் பேசுறீங்க. ஆனா அடுத்த சீசன் முதல் ஆட்டமே கொச்சியில உங்க பெங்களூரோட. 2-1. லூனா கோல். கோச் தடையில வெளிய உக்காந்திருந்தார். கணக்கு அங்க முடிஞ்சது.

கன்டீரவா கேலரி:
அதுல ஒண்ணு நாங்களே எங்க வலையில போட்டது, இன்னொண்ணு எங்க கோல்கீப்பர் குர்ப்ரீத் தூக்கிக் குடுத்தது. உங்க கணக்கை நாங்கதான் முடிச்சு வெச்சோம்.

ஓரக்கோடு:
"உங்க பெங்களூர்" எதுக்கு? நான் பெங்களூர் ஃபேன்னு எங்க சொன்னேன்? நான் விதி ஃபேன்.

மெரினா அரீனா:
விதி ஃபேனாம். சட்டை எங்க கிடைக்கும் அண்ணே?

சும்மா பார்வையாளர்:
நான் கேட்டது மேல இருக்கு. ஒரு தடவை ரெஃப்ரி தலையிட்டா, அது திரும்ப விரைவு ஆகுமா?

மஞ்சக்கொடி:
ஆகாது.

ஓரக்கோடு:
ஆகும்.

மஞ்சக்கொடி:
டூட்டிக்கு நேரமாச்சு. ராத்திரி வந்து மிச்சத்தைச் சொல்றேன். அதுக்குள்ள அந்த அழிஞ்சு போன கணிப்பைத் தேடி வைங்க.

ஓரக்கோடு:
போயிட்டு வாங்க தம்பி. விசில் ஊதினாத்தான் கிளம்புவேன்னு வாசல்லயே நின்னுடாதீங்க.