கணினி பவர் சப்ளை ஒரு நொடி ஓடி நின்றுவிடுகிறது. சனிக்கிழமை வகுப்பு, உதவுங்கள்

கொட்டகலை மாலை வகுப்பு:
வணக்கம். கழித்துவிட்ட மின்சாதனங்களிலிருந்து பாகங்களை எடுத்துப் பயன்படுத்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் 9 பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். பழைய கணினியின் பவர் சப்ளையைச் சோதனை மேசைக்கு மின்சாரம் தரும் பெட்டியாக மாற்றுவது இந்த வாரப் பாடம். பெட்டியை ஓடவைக்கப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. மூன்று பெட்டிகளும் அப்படியே. மூன்றுமா பழுது?

நானுஓயா ரேடியோ:
பெட்டிகள் எவ்வளவு பழையவை? ஊதா வயரில் 5 வோல்ட் வருகிறதா? பச்சையைத் தொடாதபோதும் அது வர வேண்டும். சிவப்பு, மஞ்சள் வயர்களில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்? இவை தெரியாமல் சொல்ல முடியாது.

மழைக்காடு:
ஈரம்தான் காரணம். மே மாதம் தொடங்கினால் கொட்டகலையில் சுவரே வியர்க்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு நாள் வைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். என் வானொலி அப்படித்தான் உயிர் பெற்றது.

பதுளை மூத்தவன்:
சுமை, அதாவது மின்சாரம் எடுக்கும் பல்பு போன்ற ஒன்று, இல்லாமல் இப்படிப்பட்ட பழைய பெட்டிகள் பல ஓடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அதுவே தெரியாதவர் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது சரியா என்று யோசியுங்கள். 230 வோல்ட்டை நேரோட்டமாக (DC) மாற்றினால், மின்னைச் சேர்த்து வைக்கும் பாகமான, உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவியில் (கப்பாசிட்டர்) ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்காது. மூடியைத் திறக்கவிட்டீர்களா?

லிந்துலை:
பெரியவர் சொல்லும் எச்சரிக்கை சரி, சொன்ன விதம் சரியில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மூன்றாம் தலைமுறை:
எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. பரம்பரை பரம்பரையாகக் கொழுந்து பறித்தோம். இனி நகரம் வீசிய குப்பையைப் பிரித்துப் பிழைக்க நம் பிள்ளைகளையே பழக்க வேண்டுமா? கணினியில் வேலை செய்யக் கற்றுக்கொடுங்கள்.

நானுஓயா ரேடியோ:
பதினான்கு வயதில் நான் வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்து விற்றேன். வயரின் மேலுறையான பி.வி.சி. எரிந்த புகை எவ்வளவு நஞ்சு என்று அப்போது எவரும் சொல்லவில்லை. குப்பையைப் பிரிப்பது என்றால் அதுதான். ஒரு பலகையில் எந்தப் பாகம் பிழைத்திருக்கிறது என்று அளந்து பார்த்து, பாகத்தைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பற்றாசை உருக்கி, கால் உடையாமல் எடுத்து, வேறொன்றில் ஓடவைப்பது தொழில். ஈயம் கலவாத புதிய பற்றாசு ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில்தான் உருகும். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்று கலந்த பழைய பற்றாசை அதன்மேல் சிறிது உருக்கிச் சேர்த்தால் எளிதில் இளகிவிடும். இதை அறிந்த கை எந்த வேலைக்கும் போகும்.

மூன்றாம் தலைமுறை:
உங்கள் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் யார் தருவார்? சான்றிதழ் இல்லாத கையை எவ்வளவு கூலிக்கு வைப்பார்கள் என்று நம் இருவருக்குமே தெரியும்.

லிந்துலை:
இதைத் தனியாகப் பேசலாம். கேட்டவர் எங்கே?

கொட்டகலை மாலை வகுப்பு:
மன்னிக்கவும், இங்கே நேற்று மின்வெட்டு. ஊதாவில் 5.1 வருகிறது. மூடியைத் திறக்கவில்லை. சுமை இருக்கிறது. லொறியின் முன்விளக்கு பல்பு ஒன்றை மஞ்சளில் மாட்டியிருக்கிறோம், 12 வோல்ட் 55 வாட். சிவப்பில் ஒன்றுமில்லை. இன்னொன்று, பெட்டியின் தகரத்தைத் தொட்டால் சிறிது சுருக்கென்கிறது. பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

நானுஓயா ரேடியோ:
தங்கச்சி, முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிள்ளைகள் அதற்குப் பழகக் கூடாது. பிளக்கின் பக்கத்தில் உள்ள இரண்டு சிறிய கொள்ளளவிகள் தகரத்தோடு இணைந்திருக்கின்றன. சுவரில் எர்த் இல்லாவிட்டால் தகரத்தில் ஏறத்தாழ 115 வோல்ட் நிற்கும். சுருக்கென்பது அதுதான். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் நாளை உள்ளே ஏதாவது பழுதானால் முழு 230உம் தகரத்துக்கு வரும். உங்கள் மண்டபத்தில் எர்த் இல்லை என்பதையே அந்தச் சுருக்கு சொல்கிறது.

மழைக்காடு:
எர்த் வயரைப் பீலிக் குழாயில் கட்டிவிடுங்கள்.

பதுளை மூத்தவன்:
வேண்டவே வேண்டாம். பீலியில் குளிப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு? மின்வினைஞர் வந்து எர்த் கம்பி இறக்கி, மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பழுது. குளிர்ந்திருக்கும் பல்பின் இழைக்குத் தடை மிகக் குறைவு. 55 வாட் பல்பு எரியும்போது ஏறத்தாழ 4.6 அம்பியர்தான் எடுக்கும், ஆனால் போட்ட கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பெட்டியின் காவல் சுற்று அதைக் குறுக்குச் சுற்றென்று (ஷார்ட்) எண்ணி அணைத்துவிடுகிறது. அதோடு, பழைய பெட்டிகளில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டில் ஓடும். 12இல் மட்டும் பெரும் சுமை இருந்தால் 5 மேலே ஏறும், அதற்கும் அணையும். முன்விளக்கை எடுத்துவிடுங்கள். முச்சக்கர வண்டியின் பிரேக் பல்பு, 12 வோல்ட் 21 வாட், அதைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் மாட்டுங்கள். 5 வோல்ட்டில் மங்கலாக எரிந்து ஏறத்தாழ 1 அம்பியர் எடுக்கும், அது போதும். எர்த் சரியான பிறகு, பச்சையை விடுவித்து ஒரு நிமிடம் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்.

முதலில் கடுமையாக எழுதினேன். மூடியைத் திறக்காமல் வைத்திருந்தது நல்ல ஆசிரியரின் வேலை.

லிந்துலை:
எர்த் கம்பி வாங்கச் செலவாகும் என்றால் சொல்லுங்கள், என் பங்கு தருகிறேன்.

மூன்றாம் தலைமுறை:
என்னுடையதும்.

கொட்டகலை மாலை வகுப்பு:
தோட்டத்து மின்வினைஞர் அண்ணா கம்பி இறக்கிக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. இப்போது சுருக்கு இல்லை. பிரேக் பல்பு மாட்டியதும் இரண்டு பெட்டிகள் ஓடுகின்றன. மஞ்சளில் 11.8, சிவப்பில் 5.0. மூன்றாவது இன்னும் நின்றுவிடுகிறது. காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கொள்ளளவிகளின் தலை உப்பியிருக்கிறது, அவை கெட்டுவிட்டன போலும். அடுத்த வாரம் அதைத் திறப்பதற்கு முன் இங்கே கேட்கிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.